தேடும் வரிசையில் முதலில் நின்ற பெயர்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. லாரியில் கிளீனராக இருந்தேன், டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றேன், பிறகு திருநெல்வேலி டவுணில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஏசி போட்டு, கம்ப்யூட்டர் இறக்கினேன். துணிக்கடைக்கும் அரிசி மில்லுக்கும் பில் போடுகிற புரோகிராம் செய்து கொடுத்தேன். தொண்ணூறுகளில், பட்டம் வாங்கியவர்களே கீபோர்டைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஊரில் இதைச் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கதவில் போர்டு மாட்டியிருந்தேன். பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் என் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

புரோகிராம் எழுதியவன் நான் இல்லை. எழுதத் தெரிந்தவனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப் போடுகிற கண் எனக்கு உண்டு. அப்படிப் பிடித்தவன் அந்தப் பையன். கொக்கிரகுளத்துக்காரன், கணக்குப் பட்டதாரி. அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கச்சியும். தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருவான். தெரு முக்கு திரும்பும்போது அவன் மணி அடிக்கிற விதம் ஒன்று உண்டு. ரெண்டு தடவை வெடுக்கென்று, மூன்றாவது தடவை நீளமாக இழுத்து. வீட்டில் அந்த மணி கேட்டால் அவன் அம்மா எழுந்து கதவைத் திறந்துவிடுவாளாம். அவனே சொல்லியிருக்கிறான்.

அதே மணியைக் கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டு வந்துவிட்டான். மெஷினுக்குள் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் இருக்கும், கீச்சுக் குரல். ஒரு பில் முடிந்ததும் அந்த ஸ்பீக்கர் ரெண்டு தரம் வெடுக், ஒரு தரம் நீளமாக என்று அடிக்கும். ரத வீதித் துணிக்கடையில் மெஷினை வைத்த அன்று அதைக் கேட்டு சேல்ஸ் ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "உம்ம பையன் சைக்கிள உள்ளயே நிறுத்திட்டான் வே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எந்த ஊரில் பில் மெஷின் பாட்டுப் பாடியது?

அந்தப் பையன் அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கண் மஞ்சளாக இருக்கிறது, வீட்டுக்குப் போ என்று நான்தான் அனுப்பினேன். கீழாநெல்லி கொடுத்தார்கள், ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து திரும்பியபோது என் ஆபீசில் அவன் நாற்காலி மேஜையைப் பார்த்துத் திரும்பியபடியே இருந்தது. யாரும் உட்காரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து கொஞ்ச நாளில் தங்கச்சிக்காரி வந்து நின்றாள். பி.எஸ்சி. முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு வந்து உட்கார்ந்து ஓரளவு படித்துக்கொண்டவள். பொம்பளைப் பிள்ளையை அந்த இடத்தில் உட்கார வைப்பதா என்று பக்கத்து ஜவுளி ஏஜெண்ட் கேட்டான். என் சென்டரில் யார் உட்காரவேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன் என்று அவனுக்குச் சொன்னேன். அந்த வீட்டில் உலை ஏறுவதற்கு இனி அவள் ஒருத்திதான். அதையும் நான் பார்த்தேன்.

அவள் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அவன் வச்சுட்டுப் போனதெல்லாம் வருசத் திதி வரைக்கும் வச்ச இடத்துலயே கெடக்கட்டும் அண்ணாச்சி. வீட்ல அவன் சட்டை ஆணியிலதான் தொங்குது. சைக்கிளயும் எடுக்கல. அங்கன உள்ளதையும் யாரும் தொடாண்டாம்."

இது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். நான் சரி என்றேன். அந்தப் பிள்ளை வேறு நாற்காலி போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படியே செய்தாள். உள்ளே அறை அறையாகப் பிரித்து வைத்திருப்பார்கள், டைரக்டரி என்பார்கள். அண்ணன் தன் வீட்டுச் செல்லப் பெயரிலேயே ஒரு டைரக்டரி வைத்திருந்தான். அதை அவள் தொடவில்லை. தனக்கென்று புதிதாக ஒன்றைத் திறந்து, அண்ணன் எழுதியவற்றில் தனக்குத் தெரிந்த ரெண்டு வகை ஃபைல்களை மட்டும் அதில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலில் வேலை செய்தாள். ஆணியில் தொங்குகிற சட்டையை எடுக்காமல் அதே அளவில் வேறு சட்டை தைத்துக்கொள்வது மாதிரி. எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஆவணியில் முகூர்த்தம் அதிகம். ஒருநாள் மத்தியானம் துணிக்கடை முதலாளி மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"வே, உம்ம மெஷினத் தூக்கிட்டுப் போறீரா, இல்ல அந்தச் சத்தத்த எடுக்கீரா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

"என்ன அண்ணாச்சி, நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"ஓடுது. செத்தவன்லா ஓட்டுதான்."

உட்காரச் சொன்னேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார். சுத்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து முகூர்த்தப் பட்டுச் சேலை எடுத்து, மஞ்சள் தடவி, பில்லுக்கு வந்திருக்கிறார்கள். பில் முடிந்து மணி அடித்திருக்கிறது. அங்கே நின்ற ஒரு சேல்ஸ்காரன் வாய் சும்மா இருக்கமாட்டாமல், "அண்ணன் பில் போட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறான். பெண்ணின் அத்தை எந்த அண்ணன் என்று கேட்டிருக்கிறாள். இன்னொரு அறிவாளி முழுக்கதையையும் சொல்லிவிட்டான்.

"அந்தப் பொம்பள சேலையக் கையில எடுத்துட்டா வே. அப்படியே கீழ வச்சுட்டா. நெருப்பத் தொட்ட மாதிரி. கூட்டத்தோட எறங்கி எதுத்த கடைக்குப் போயிட்டாவ. கல்யாணப் பட்டுக்குச் செத்தவன் மணி அடிக்கான்னு டவுண் பூராவும் ஆயிட்டுன்னா நான் கடையில ஈ ஓட்டணும்."

"இன்னைக்கு சாயந்தரம் எடுத்துருவேன்" என்றேன். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிள்ளை தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி போனதும், "சின்ன வேலைதான் அண்ணாச்சி" என்றாள். பில் முடிகிற இடம் புரோகிராமில் அங்கங்கே வரும். மணி வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் அண்ணன் தனியாக ஒரு ஃபைலில் ஒற்றை வரியில் எழுதி வைத்திருந்தான். கடை பெயர், கதவு எண் எல்லாம் அதிலேயே. ஹெட்டர் ஃபைல் என்பார்கள், புரோகிராமின் தலைமாட்டில் வைத்துக்கொள்வது. அந்த வரியில் ஒன்று என்று இருப்பதைப் பூஜ்யம் ஆக்கினால் மணி நின்றுவிடும். ஆக்கினாள். கம்பைலரில் போட்டாள். நாம் எழுதியதை மெஷின் ஓட்டுகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அது முடிந்ததும் பிளாப்பியில் ஏற்றினாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரத வீதிக்கு நடந்தேன்.

கடையில் எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். ஒரு பில் போட்டோம். ஒரு கைத்தறித் துண்டுக்கு.

வெடுக், வெடுக். அப்புறம் அந்த நீளமான இழுப்பு.

பின்னால் நின்ற ஆட்கள் ஓர் அடி நகர்ந்ததை முதுகில் உணர்ந்தேன். முதலாளி துண்டை மடித்து ராக்கில் திருப்பி வைத்தார்.

அவசரத்தில் பழையதையே ஏற்றியிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து என் முன்னாலேயே செய்யச் சொன்னேன். பூஜ்யம் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஓட்டினாள். மணி அடித்தது. அந்த வரியையே அழித்தாள். மணி அடித்தது. முன்னால் செய்து வைத்த பாதி வேலை எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து செய்தாள். ஏசி அறையில் அவளுக்கு மேலுதடு வேர்த்திருந்தது. ஓட்டினாள். வெடுக், வெடுக்.

நான் பயந்தவன் இல்லை. கிளீனராக இருந்த காலத்தில் சுடுகாட்டுச் சுவர் ஓரம் லாரியை நிறுத்தி அடியில் சாக்கு விரித்துப் படுத்துத் தூங்கியவன். ஆனால் பட்டப்பகலில், கீழே டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகையில், அழித்துவிட்ட ஒரு வரி திரும்பத் திரும்ப மணி அடிப்பதைக் கேட்டபோது எழுந்து போய் இருந்த லைட்டையெல்லாம் போட்டேன். அவன் நாற்காலி அப்படியே மேஜையைப் பார்த்து இருந்தது. அதை அந்தப் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை, தொடக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பேச்சு பாலம் தாண்டிக் கொக்கிரகுளம் போக ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளை வந்து, பையைக்கூட கீழே வைக்காமல் நின்றாள்.

"அம்ம போவாண்டாம்ங்கா அண்ணாச்சி. அண்ணன் என்னையும் கூப்பிடுதானாம். அவன் இருந்த எடத்துல போயி உக்காந்தா விடுவானாங்கா."

"நீ என்ன நெனைக்க?"

"எனக்கு வேல வேணும்" என்றாள். பிறகு, "ஆனா அது ஏன் அடிக்குதுன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி" என்றாள். அந்த ரெண்டாவதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அம்மாவிடம் தவணை வாங்கியிருந்தாள். அதற்குள் மணி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அவள் வீட்டோடு இருந்துவிடவேண்டும். மெஷினும் கடையிலிருந்து என் மாடிக்கே திரும்பி வந்துவிடும். எனக்கு இன்னொரு கடை கிடைக்கும், என் சாமர்த்தியத்துக்குக் கிடைக்காமல் போகாது. அவளுக்கு இன்னொரு நாற்காலி யார் போடுவார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளியைச் சமாதானப்படுத்தலாம் என்று ரத வீதிக்குப் போனேன். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. துணிக்கடைக்கு எதிரே பாத்திரக்கடையின் சாய்ப்பு நிழலில், ஒரு வயர் கூடையை மடியோடு அணைத்தபடி அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாத்திரம் வாங்க வந்திருப்பாள் என்று கூப்பிடப் போனேன். அப்போது துணிக்கடைக்குள் ஒரு பில் முடிந்தது. தெருச் சத்தத்தில் அந்தக் கீச்சு மணி மற்றவர் காதில் விழுந்திருக்காது. அவள் தலையைத் தூக்கினாள். ஒரு கால் முன்னால் வந்தது, கதவைத் திறக்கப் போகிறவள் மாதிரி. அப்புறம் கால் பழைய இடத்துக்குப் போனது.

நான் கூப்பிடவில்லை. பாத்திரக்கடைக்காரன் என்னிடம் பைய வந்து, "ரெண்டு மூணு நாளா வாரா அண்ணாச்சி. ஒண்ணும் வாங்க மாட்டா. நானும் கேக்கல" என்றான்.

மகளைப் போகாதே என்று தடுத்துவிட்டு, தான் மட்டும் வந்து வெயிலில் நின்று கேட்கிறாள். அந்தப் பிள்ளையிடம் இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை. மறுபடியும் மாற்றினாள், மறுபடியும் அடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டைப்ரைட்டரில் ஒரு கம்பி எந்த எழுத்துக்குப் போகிறது என்று தெரியாவிட்டால் நான் கம்பியை வேண்டுமென்றே கோணலாக்கி விடுவேன். எந்த எழுத்துக் கோணலாக விழுகிறதோ அதுதான். அந்தப் புத்தியில், "ஏம்மா, அந்த ஃபைல்ல என்னத்தையாவது கிறுக்கி வையி. புரியாத எழவா வையி. மெஷின் அதுல தடுக்கி விழுதான்னு பாப்போம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஹெட்டர் ஃபைலைத் திறந்து, நடுவில், கை போன போக்கில் ஒரு வரி முழுக்க எழுத்துக்களைத் தட்டினாள். சின்ன தப்பு இருந்தாலே கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டும். இந்தக் கிறுக்கலுக்கு அது மேலே போகவே கூடாது. போட்டாள்.

பச்சைத் திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. வெற்றி, ஏதாவது ஒரு சாவியை அழுத்து என்று இங்கிலீஷில் கண் சிமிட்டியது.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இது நம்ம ஃபைலப் பாக்கவே இல்ல."

"பெறகு எதப் பாக்குது?"

மேலே உள்ள மெனுவில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். ஓர் இடத்தில் நின்றாள். டைரக்டரிகளின் பெயர் எழுதும் இடம் அது. ஹெட்டர் ஃபைல்களைத் தேட ஒரு வரி, லைப்ரரி ஃபைல்களைத் தேட ஒரு வரி. லைப்ரரி என்றால் ஏற்கெனவே செய்து முடித்து மூடி வைத்த வேலை. திரும்ப எழுதாமல் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ரெண்டு வரியிலும் முதல் பெயர் அவள் அண்ணனுடையது. வீட்டில் கூப்பிடுகிற பெயர். அதற்கு அடுத்துதான் கம்பைலரோடு வந்த கம்பெனி டைரக்டரி.

அவள் அந்தப் பெயரைத் திரையில் விரலால் தொட்டாள். அந்த விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு எனக்கு விளக்கினாள். நான் ஒரு தரம் கேட்டால் போதும், அப்போதே பிடித்துக்கொண்டேன். புரோகிராமில் இந்த ஃபைலைக் கொண்டு வா என்று எழுதுவதற்கு ரெண்டு குறி உண்டு. மேற்கோள் குறி போட்டால், மெஷின் முதலில் நாம் நிற்கிற இடத்தில் பார்க்கும். கோணக் குறி போட்டால், நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காது. மெனுவில் அந்த வரியில் உள்ள இடங்களுக்கு வரிசையாகப் போகும். நல்லெண்ணெய் வாங்கி வா என்று கடை வரிசைக்கு ஆள் அனுப்பினால், முதல் கடையில் கிடைத்ததும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அடுத்த கடை திறந்திருந்ததா என்று அவனுக்குத் தெரியாது. கோணக் குறி கம்பெனி ஃபைலுக்குத்தான் போடுவார்கள். அவள் அண்ணன் தன் சொந்த ஃபைலுக்கும் அதையே போட்டிருந்தான். தன் சரக்கும் கம்பெனிச் சரக்குக்குக் குறைந்ததில்லை என்கிற நினைப்பு. என்னிடம் வேலை பார்த்தவன் அல்லவா.

இந்தப் பிள்ளை தன் டைரக்டரியில் நின்றுகொண்டு தன் ஃபைலை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறாள். மெஷின் ஒவ்வொரு தரமும் அவளைத் தாண்டி நேராக அண்ணன் அறைக்குப் போய், ஆணியில் தொங்குகிற பழைய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. யாரும் தொடக் கூடாது என்று நாங்கள் பத்திரமாக வைத்திருந்த சட்டை.

"அப்ப அவன் பேர எடுத்துட்டு ஒன் பேரப் போடு" என்றேன்.

கிறுக்கலை அழித்து, மணிக்குப் பூஜ்யம் வைத்தாள். ரெண்டு வரியிலும் அண்ணன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தாள். அழிக்கும்போது உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று தெரியாது. தன் டைரக்டரியின் பெயரை எழுதினாள். போட்டாள். பாதி வரைக்கும் போனது. பிறகு நின்றது. ஒரு லைப்ரரி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வந்தது.

பில்லை அச்சடிக்கிற வேலை முழுக்க அந்த லைப்ரரியில் இருந்தது. அண்ணன் செய்து மூடி வைத்தது. அவன் அதை எப்படிச் செய்தான் என்கிற எழுத்து எந்தப் பிளாப்பியிலும் இல்லை. இவள் நகல் எடுத்த ரெண்டு வகையில் அது சேரவும் இல்லை. இருக்கிற ஒரே இடம் அவன் டைரக்டரி.

"விடமாட்டேங்கான் அண்ணாச்சி" என்றாள். சிரிப்பது மாதிரி இருந்தது, கண் நிறைந்திருந்தது.

"அந்த ஒரு ஃபைல மட்டும் ஒன் எடத்துக்கு நகல் எடுத்துக்க. முடிஞ்சுதுல்லா."

அவள் யோசித்தாள். கீழே அல்வாக்கடையில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. "வேண்டாம் அண்ணாச்சி. அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள். அண்ணன் பெயரைத் திரும்ப எழுதினாள். முதலில் அவள் டைரக்டரி, அடுத்தது கம்பெனி டைரக்டரி, கடைசியில் அவன்.

போட்டாள். வெற்றி என்று வந்தது. ஓட்டினாள். பில் திரையில் முடிந்தது. நாங்கள் ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

மத்தியானத்துக்கு மேல் பிளாப்பியை நானே கொண்டு போனேன். அதே கைத்தறித் துண்டுக்குப் பில் போட்டேன். மணி இல்லை. முதலாளி இன்னொரு தரம் போடச் சொன்னார், அப்புறம் அவரே ஒரு தரம் போட்டார். துண்டை என் தோளில் போட்டு, "வச்சுக்கிடும் வே. என்ன பரிகாரம் செஞ்சீரு?" என்றார்.

"வரிசைய மாத்துனேன்" என்றேன். எந்தக் கோயிலில் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது. எல்லோருக்கும் என் தலை வாய்க்குமா.

தோளில் துண்டோடு படி இறங்கி வெளியே வந்தபோது, எதிரே சாய்ப்பு நிழலில் அவன் அம்மா நின்றாள். கடைக்குள் கூட்டம் இருந்தது. பில் மேல் பில் போய்க்கொண்டிருந்தது. பிரிண்டர் கறகற என்று ஓடுவது தெருவுக்குக் கேட்டது. அது ஓயும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் கொஞ்சம் நிமிர்ந்து, காத்திருந்து, இறங்கியது. சாய்ப்பின் நிழல் அவள் காலை விட்டு விலக, வெயில் ஏறியது. அவள் நகரவில்லை.

வாழ்க்கையில் எத்தனையோ பேரை எதிர்த்துப் பேசி ஜெயித்தவன் நான். தெருவைத் தாண்டி அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"வெயில்ல நிக்கியளே மைனி."

அவள் திரும்பவில்லை. "நிறுத்திட்டிய போல" என்றாள்.

"நீங்கதான நிறுத்தணும்னு சொன்னிய."

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள். கூடையை மறு கைக்கு மாற்றினாள். "அந்தப் பிள்ள அழிச்சுட்டாளா அவன?"

இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. என் மாடிக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். வாசலில் அவள் செருப்பைக் கழற்றியபோது, முதல் தடவையாக அந்தப் போர்டைக் கழற்றிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

மகள் எழுந்து நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் அறையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்துத் திரும்பியபடி இருந்த நாற்காலியைக் கண்டதும் கேட்காமலே தெரிந்துகொண்டாள். அதன் முதுகில் கை வைத்தாள், உட்காரவில்லை.

"அவன் எங்கன இருக்கான், காட்டு."

மகள் அந்த மெனுவைத் திறந்து பெயரைக் காட்டினாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. இது யாரு, இது யாரு என்று வரிசையாகக் கேட்டாள்.

"இது நான். இது கம்பெனிக்காரன். இது அண்ணன்."

"கடைசியிலயா வச்சிருக்க?" குரல் ஏறவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். தேடும் வரிசை, கோணக் குறி, முதல் கடை, ரெண்டாம் கடை, அதையெல்லாம் இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்?

நான் சொன்னேன். "மைனி, கல்யாண வீட்ல வீட்டு ஆளு எந்தப் பந்தியில உக்காருவான்? வந்தவுகளையெல்லாம் முன்னால உக்கார வச்சுட்டு, கடைசிப் பந்தியிலதான? அவன் இந்த வீட்டு ஆளு. முன்ன அவன் பேரு மொதல்ல நின்னுது, யாரு வந்தாலும் அவனே எந்திரிச்சுப் போயி பதில் சொல்லிக்கிட்டிருந்தான், ஓய்வில்லாம. இப்ப தங்கச்சி பாத்துக்கிடுவா. அவளுக்கும் முடியாம, கம்பெனிக்காரன்கிட்டயும் கெடைக்காம ஒண்ணு இருந்தா, அப்பதான் மெஷின் அவன்கிட்டப் போயி நிக்கும். அவன் குடுப்பான்."

"எப்பமாவதா?"

"ஒவ்வொரு தடவையும்மா" என்றாள் மகள். "அவன்கிட்டப் போவாம இது முடியவே முடியாது."

அம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மணிய அடிக்கச் சொல்லவா" என்று மகள் பைய கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு, "ஒருக்கா போவச் சொல்லு, நான் பாக்கேன்" என்றாள்.

மகள் சாவியை அழுத்தினாள். திரையில் எண்கள் ஓடின. பெட்டிக்குள் தட்டு சுழல்கிற ஓசை எழுந்தது. முன்பக்கத்தில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அம்மா திரையை விட்டுவிட்டு அந்த விளக்கைப் பார்த்துக் குனிந்தாள்.

"இப்ப யார்ட்ட நிக்கி?"

"என்கிட்ட."

விளக்கு அணைந்தது. எரிந்தது.

"இப்ப?"

"கம்பெனிக்காரன்கிட்ட."

மறுபடி அணைந்து, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக எரிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ அந்த அறையில் நாலாவதாக ஒரு ஆள் மூச்சு விடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நான் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றி என்று பெட்டி வந்து கண் சிமிட்டியது, விளக்கு நின்றுவிட்டது.

அம்மா நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். செருப்பில் கால் நுழைக்கும்போது, மகள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வருவதைப் பார்த்தாள்.

"நீ எங்கட்டி வார?" என்றாள். "நாலு மணிதான் ஆவுது. வேலய முடிச்சுட்டு எப்பயும் வார பஸ்சுக்கு வா. நான் கதவத் தொறந்து வச்சிருக்கேன்."